பதின்மூன்று வாரமும் ஒரு பொத்தானும்

எட்டு மணி நேர வேலை. அதில் தொண்ணூறு சதவீதம் நோயாளிக்குச் சிகிச்சை கொடுப்பதிலேயே கழிய வேண்டும் என்கிறார் மேலாளர். கணக்குப் போட்டால் 432 நிமிடம் வருகிறது, அதாவது ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். மிஞ்சுவது 48 நிமிடம். அந்த நாற்பத்தெட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடக்க வேண்டும். யாரோ எடுத்துப்போன சக்கர நாற்காலியைத் தேடிக் கொண்டுவர வேண்டும். டாக்டரைப் போனில் பிடிக்க வேண்டும். 'அம்மா எப்போது வீட்டுக்கு வருவார்' என்று கேட்கும் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பார்த்த ஒவ்வொருவருக்கும் கணினியில் குறிப்பு எழுத வேண்டும். கழிப்பறைக்கும் போய்வர வேண்டும். இடையில் எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர், 'இன்றைக்கு வேண்டாம், கால் கடுக்கிறது' என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால், அவரைச் சமாதானப்படுத்தி எழுப்பும் பத்து நிமிடம் பில்லில் ஏறாது.

அமெரிக்காவின் மறுவாழ்வு மையங்களில் இந்தக் கணக்குக்கு 'புரொடக்டிவிட்டி' என்று பெயர். தொண்ணூறு என்பது மிகைக்காகச் சொன்ன எண் அல்ல. குறிப்பாக முதியோர் பராமரிப்பு இல்லங்களில் அதையும் தாண்டிக் கேட்பவர்கள் உண்டு. எட்ட முடியாதவர் என்ன செய்வார்? வருகைப் பதிவை முடித்துவிட்டு, சம்பளமில்லாமல் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதுவார்.

இந்தக் கணக்குக்குள் மாட்டிக்கொள்பவர் தெரபிஸ்ட். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனநல ஆலோசகர் நினைவுக்கு வரலாம். நான் சொல்ல வருவது வேறு மூவரை. இடுப்பெலும்பு முறிந்தவரை மறுபடி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட், பக்கவாதம் வந்த கையால் சட்டைப் பொத்தான் போடப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சையும் விழுங்கும் திறனையும் மீட்டுத்தரும் ஸ்பீச் தெரபிஸ்ட். மூவர் வேலையும் மெதுவானது. ஓர் அறுவைச் சிகிச்சை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகான நடை ஒவ்வோர் அடியாகத்தான் வரும். அந்த மெதுவான வேலையை நிமிடக் கணக்கில் அளக்க ஆரம்பித்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அளக்க ஆரம்பித்தது சும்மா அல்ல. 65 வயதைத் தாண்டியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2019 செப்டம்பர் வரை முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குத் தெரபி நிமிடங்களைப் பார்த்தே பணம் கொடுத்தது. ஒரு நோயாளிக்கு வாரம் 720 நிமிடம் எட்டிவிட்டால் உச்சப்படி. பலன் என்ன? உச்சப்படியில் இருந்த நோயாளிகளின் கணக்கை மெடிகேர் 2016-இல் வெளியிட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவை 720-ஐத் தொட்டுப் பத்து நிமிடத்துக்குள் நின்றிருந்தன. மனித உடம்பு இவ்வளவு ஒழுங்காக எல்லைக்கோட்டில் போய் நிற்காது. அதே ஆண்டு ஜனவரியில், தேவையில்லாத தெரபிக்குப் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட வழக்கில் ஒரு பெரிய நிறுவனம் 12.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. 2019 அக்டோபர் 1 முதல் முறை மாறியது. நிமிடத்துக்கு அல்ல, நோயாளியின் நிலைக்கே பணம் என்றார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மாறிய கையோடு பல இடங்களில் தெரபிஸ்டுகளுக்கு வேலை போனது, அல்லது வேலை நேரம் குறைக்கப்பட்டது. நேற்று வரை வருமானமாக எண்ணப்பட்ட நிமிடங்கள் இன்று செலவுப் பட்டியலில் ஏறிவிட்டன. எஞ்சியவர்களின் தலைக்கு மேல் சதவீதக் கணக்கு மட்டும் அப்படியே தொங்கியது.

இவர்களில் ஒரு பகுதியினர் சில ஆண்டுகளில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஏஜென்சி ஒன்றில் பதிந்து, 'டிராவல் தெரபிஸ்ட்' ஆகிவிடுகிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். நம் பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு காலாண்டு. மொன்டானாவின் ஏதோ ஒரு சிற்றூர் மருத்துவமனையில் பிரசவ விடுப்பில் போனவரின் இடம், அரிசோனாவில் குளிர்காலத்துக்கு மட்டும் முதியவர்கள் வந்து குவியும் ஊரில் ஒரு கிளினிக், பேச்சுப் பயிற்சியாளர் கிடைக்காத ஒரு பள்ளி என்று போய்ப் பதின்மூன்று வாரம் வேலை பார்ப்பார்கள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர், அல்லது ஒரு மாதம் வீடு. வேலை கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. 1997-இல் உருவாக்கப்பட்ட, 25 படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி உள்ள கிராமப்புற மருத்துவமனை வகை ஒன்று அங்கே உண்டு. அங்கெல்லாம் ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட் கிளம்பிப்போனால் ஒரு துறையே காலி.

இப்படி ஊர்விட்டு ஊர் போவது பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையில் எரிந்துபோவதற்கு, மருந்து என்று ஏஜென்சிகள் விளம்பரம் செய்கின்றன. மலைப் படம், கடற்கரைப் படம், காலை நீட்டிக் கொண்டிருக்கும் இளம்பெண். படங்களைப் பார்த்தால் சுற்றுலா நிறுவனமோ என்று தோன்றும். எனக்கு மலையில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அது எது என்பதற்கான விடை, தெரபிக்குத் தொடர்பே இல்லாத சில பழைய ஆய்வுகளில் கிடக்கிறது.

முதலில் 'பர்ன்அவுட்' என்ற அந்தச் சொல். நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இருந்தார். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவயதிலேயே வந்தவர். பகலெல்லாம் தன் சொந்த மருத்துவ அறையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனைக்குப் போய் நள்ளிரவு வரை வேலை செய்வார். அங்கே போதைக்கு அடிமையாகி ஒன்றும் மிச்சமில்லாமல் போனவர்களைத் தெருவில் 'பர்ன்அவுட்' என்பார்கள். கொஞ்சநாளில் அதே வெறுமையை உடன் வேலை செய்த தொண்டர்களிடம் பார்த்தார், பிறகு தன்னிடமே. குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பவேண்டிய நாளில் அவரால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. 1974-இல் அவர் எழுதிய கட்டுரைதான் அந்தத் தெருச்சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தது. அவர் கவனித்த ஒன்று முக்கியம். முதலில் எரிவது சோம்பேறி அல்ல, ஈடுபாடு அதிகம் உள்ளவர்.

கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்டது, 22 கேள்விகள். பர்ன்அவுட்டுக்கு மூன்று முகம் என்றார். உள்ளே வற்றிப்போவது ஒன்று. எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல், 'ஏழாம் நம்பர் அறை முட்டி ஆபரேஷன்' என்று பார்க்க ஆரம்பிப்பது இரண்டாவது. 'நான் செய்வதால் என்ன ஆகிவிடப்போகிறது' என்ற எண்ணம் மூன்றாவது. வெறும் களைப்பு என்றால் ஒருநாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். இரண்டாவதும் மூன்றாவதும் தூக்கத்துக்கு மசியாதவை. பிற்பாடு மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து அவர் காரணங்களைத் தேடியபோது, குற்றவாளி ஆளின் மனவலிமைக் குறைவு அல்ல, ஆளுக்கும் வேலையிடத்துக்கும் இடையே உள்ள பொருத்தமின்மை என்று ஆறு இடங்களைக் காட்டினார். வேலைப்பளு அதில் ஒன்று மட்டுமே. தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, உழைப்புக்குத் தக்க பலன் கிடைக்கிறதா, கூட இருப்பவர்களோடு உறவு எப்படி, நியாயம் நடக்கிறதா, செய்யச் சொல்வது தன் மனசாட்சிக்கு ஒத்துவருகிறதா என்பவை மற்றவை. 720 நிமிடக் கதையை இந்த ஆறோடு சேர்த்துப் படித்துப்பாருங்கள். கடைசி இடத்தில் முள் குத்தும். உலகச் சுகாதார நிறுவனமும் நோய்களின் பட்டியலான ஐ.சி.டி-11-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை; வேலை சார்ந்த நிகழ்வு என்றே 2019-இல் வரையறுத்தது.

சரி, களைத்தவர் விடுமுறை எடுத்தால் போதாதா? போதாது என்பதற்கு அழகான ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலில் மினா வெஸ்ட்மன், டோவ் ஏடன் என்ற இருவர் 76 அலுவலக எழுத்தர்களிடம் விடுமுறைக்கு முன் இரண்டு முறை, விடுமுறையின் நடுவே ஒருமுறை, திரும்பிய பின் இரண்டு முறை என்று பர்ன்அவுட்டை அளந்தார்கள். 1997-இல் வெளியானது. விடுமுறையில் அளவு நன்றாக இறங்கியது. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே ஓரளவு ஏறிவிட்டது. மூன்றாவது வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கொடைக்கானலுக்குப் போய்வந்த அடுத்த மாதமே 'போனமா?' என்று சந்தேகம் வருகிறதே, அதேதான். செக்கைச் சுற்றும் மாட்டை ஒருவாரம் அவிழ்த்துவிட்டு மறுபடி அதே செக்கில் பூட்டினால் வேறென்ன ஆகும்?

இதைவிட விசித்திரமானது அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அதே டோவ் ஏடன், தாலியா எட்சியன், யேல் லாபிடோட் மூவரும் ராணுவ ரிசர்வ் சேவைக்கு அழைக்கப்பட்ட ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். அதே அலுவலகங்களில், அழைக்கப்படாமல் வழக்கம்போல வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டார்கள். ரிசர்வ் சேவை என்பது ஓய்வு இல்லை. சீருடை, கட்டளை, கூடாரம், தூக்கக் கேடு எல்லாம் உண்டு. ஆனாலும் போய்வந்தவர்களின் பணி அழுத்தமும் பர்ன்அவுட்டும் குறைந்திருந்தன; போகாதவர்களிடம் குறையவில்லை. அங்கிருக்கும்போது அலுவலக நினைப்பை எவ்வளவு அறுத்துவைக்க முடிந்ததோ, அவ்வளவுக்குப் பலன் கூடியது.

மனிதனைத் தேற்றுவது வேலை செய்யாமல் இருப்பது மட்டுமல்ல, *அந்த* வேலையிலிருந்து முழுசாகக் கழன்றுவிடுவது என்று இதிலிருந்து தெரிகிறது. ஜெர்மனியில் சபீனே சோனன்டாக் இதையே பல ஆண்டுகள் துருவி ஆராய்ந்தவர். வேலைக்குப் பிறகு உடம்பு தளர்வதோடு, மனம் விலகுவதும், புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வதும், தன் நேரம் தன் கையில் இருப்பதும் மீட்சிக்கு உதவும் என்கிறார். டிராவல் ஒப்பந்தத்துக்குள் இவற்றில் பல தற்செயலாக வந்து விழுகின்றன. பதின்மூன்றாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலை, அந்த மருத்துவமனையின் கணினிக் கடவுச்சொல் செத்துப்போகிறது. நிலுவைக் குறிப்பு எதுவும் வீடுவரை வராது. அடுத்த மாதக் கூட்டம், வரப்போகும் தணிக்கை, யாருக்கு மேலாளர் பதவி என்ற கிசுகிசு எல்லாம் இன்னொருவர் பாடு. நிரந்தர ஊழியருக்கு விடுமுறையிலும் இவை கூடவே வரும். அவரைப் பொறுத்தவரை விடுமுறை என்பது வாக்கியத்தின் நடுவில் போட்ட காற்புள்ளி, அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு இதையும்விட எனக்குப் பிடித்தது. 1972-இல் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்கர்கள் நகரத்து இரைச்சலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதனைக்காகத் தயாரித்த சத்தம் ஒரு கூட்டுப் பொரியல்: ஸ்பானிய மொழியில் பேசும் இருவர், ஆர்மீனிய மொழியில் பேசும் ஒருவர், தட்டச்சு, கணக்குப்பொறி, நகலெடுக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, எப்போது வரும் என்று தெரியாதபடி காதில் இடித்தார்கள். சத்தம் முடிந்த பிறகு தீர்க்கவே முடியாத புதிர்களைக் கொடுத்து எவ்வளவு நேரம் முயல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிழை திருத்தும் வேலையும் கொடுத்தார்கள். கண்டபடி சத்தம் கேட்டவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள், நிறையப் பிழைகளை விட்டார்கள். ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு பொத்தான் தரப்பட்டது. 'வேண்டுமானால் அழுத்தலாம், சத்தம் நின்றுவிடும். அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது' என்றார்கள். இவர்களும் அதே சத்தத்தைக் கேட்டவர்கள்தான். பொத்தானையும் அழுத்தவில்லை. ஆனால் புதிரில் நெடுநேரம் நின்றார்கள், பிழைகளையும் கூடுதலாகப் பிடித்தார்கள்.

டிராவல் தெரபிஸ்டின் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் கடைசித் தேதி அச்சடிக்கப்பட்டிருக்கிறது. என் கணக்கில் அந்தத் தேதிதான் பொத்தான். நோயாளி அதே நோயாளி, குறிப்பு அதே குறிப்பு, பல இடங்களில் 90 சதவீதமும் அதே 90. ஆனால் 'இன்னும் ஆறு வாரம்' என்று எண்ண முடிகிறது. ஆறு வாரத்துக்குப் பிறகு நீட்டிப்புக் கேட்டால், 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லும் உரிமை அவருடையது. 'வேண்டாம்' என்று சொல்ல ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்த்துக் கூச வேண்டியதில்லை. இது சிறிய விஷயமாகத் தோன்றும். பட்டம் வாங்கவே முதுகலை அல்லது முனைவர் நிலை வரை படித்து, பலருக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் கல்விக் கடனும் சேர்ந்துவிடுகிற தொழிலில், 'வேண்டாம்' என்று சொல்ல முடிவது பெரிய செல்வம்.

புதுவேலையின் இனிப்பும் சேர்ந்துகொள்கிறது. வெண்டி பாஸ்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் வேலை மாறிய மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-இல் எழுதியதை 'தேனிலவும் தலைவலியும்' என்று மொழிபெயர்க்கலாம். மாறியவுடன் திருப்தி மேலே போகிறது, பிறகு நழுவி இறங்குகிறது. பதின்மூன்று வாரத்தில் கிளம்புகிறவர் தேனிலவை அனுபவித்துவிட்டுத் தலைவலிக்கு முன் நழுவிவிடுகிறார் என்று சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசித்தால் இது பாதி உண்மை. ஒவ்வொரு மூன்று மாதமும் புதுசு என்றால், கொஞ்ச காலத்தில் புதுசும் பழசாகிவிடும். புதிய கட்டடம், புதிய மென்பொருள், புதிய பெயர்கள், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற அதே தயக்கம். முதல் இரண்டு வாரம் எங்கே கையுறை இருக்கிறது என்றே தெரியாது. ஆனாலும் பல இடங்களில் இரண்டாம் நாளே முழு எண்ணிக்கை நோயாளிகளைக் கொடுத்துவிடுவார்கள், 'அனுபவசாலிதானே' என்று.

மாஸ்லாக் சொன்ன ஆறில் 'பிடி' கூடுகிறது, 'பலன்' கூடுகிறது. உறவுதான் கழன்று விழுகிறது. டிராவலராக இருப்பவரைப் பிறந்தநாள் கேக் வெட்டும்போது கூப்பிடுவார்கள், ஆனால் அவர் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. வாடகைக்கு எடுத்த, மரச்சாமானெல்லாம் வேறு யாரோ வாங்கிப்போட்ட வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகள் நீளமானவை. ஜோடியாகப் போகிறவர்கள், நாயோடும் கேரவன் வண்டியோடும் போகிறவர்கள் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில் ஆச்சரியமில்லை. இன்னொரு இழப்பும் உண்டு. முடக்கிப்போட்ட பக்கவாதத்திலிருந்து ஒருவர் எழுந்து நடப்பதைப் பார்க்க ஒன்பது மாதம் ஆகலாம். டிராவல் தெரபிஸ்ட் அதில் மூன்று மாதத்தை மட்டும் பார்க்கிறார். பர்ன்அவுட்டின் மூன்றாவது முகம், 'என்னால் என்ன ஆனது' என்பது, முடிவைப் பார்க்காதவரிடம் வேறு வழியில் வந்து கதவைத் தட்டலாம். நோயாளிக்கும் இது சுகமல்ல. தன் வலியை மூன்றாவது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. சம்பளத்தின் ஒரு பகுதி வரியோடும், வீட்டுக்கும் சாப்பாட்டுக்குமான படி வரியில்லாமலும் வருவதால் கைக்கு வரும் தொகை பெரிது. ஆனால் வரியில்லா நிலை கிடைக்க, சொந்த ஊரில் உண்மையாகவே ஒரு வீட்டுச் செலவைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் வேலை என்று ஆகிவிட்டால் அது தற்காலிகம் அல்ல என்கிறது அமெரிக்க வரித்துறை. அந்தப் படிக்கும் வரி வந்துவிடும். 'ஊர் பிடித்துவிட்டது, இங்கேயே இருக்கிறேன்' என்று நினைப்பவரை வரிச்சட்டமே கிளப்பிவிடுகிறது. ஒப்பந்தங்களுக்கு நடுவே எடுக்கும் இடைவெளிக்குச் சம்பளம் கிடையாது, மருத்துவக் காப்பீடும் அறுந்துபோகலாம். பொத்தான் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. குறுகிய முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை மருத்துவமனைக்கும் உண்டு. 2020 வசந்தத்தில் கோவிட் வந்து, தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைகள் நின்றபோது, மூட்டு மாற்றியவர்கள் வரவில்லை. முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் டிராவலர்களும் இருந்தார்கள். உரிமம் இன்னொரு தலைவலி. பொதுவாக ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். பிசியோதெரபிஸ்டுகளுக்கு, உடன்படிக்கையில் சேர்ந்த மாநிலங்களுக்குள் எளிதாக அனுமதி தரும் ஏற்பாடு 2018 ஜூலையில் தொடங்கியது.

அமெரிக்காவில் பிசியோதெரபித் தொழில் பிறந்ததே தற்காலிக வேலையாகத்தான் என்பது ஒரு வேடிக்கை. முதல் உலகப் போரில் காயம்பட்டு வந்த வீரர்களைத் தேற்ற, 'மறுசீரமைப்பு உதவியாளர்கள்' என்ற பெயரில் அமெரிக்க ராணுவம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ராணுவப் பதவி கொடுக்கவில்லை. போர்க்காலத் தேவைக்கான வேலை. அவர்களில் முன்னோடியான மேரி மக்மிலனும் மற்றவர்களும் 1921 ஜனவரியில் நியூயார்க்கின் ஓர் உணவகத்தில் கூடித்தான் இன்றைய அமெரிக்கப் பிசியோதெரபிச் சங்கத்தின் முதல் வடிவத்தை உண்டாக்கினார்கள். போர் முடிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர்தான் தேடிப்போனார்கள்.

என் தீர்ப்பு இதுதான். குறுகிய ஒப்பந்தம் ஆளைக் காப்பாற்றுகிறது, இடத்தை அல்ல. எரிந்துகொண்டிருப்பவருக்கு அது வாசல். அந்த வாசல் வழியாக வெளியே வந்து மூச்சுவிட்டு, எந்த மாதிரி இடத்தில் தன்னால் இருக்க முடியும் என்று நாலு ஊர் பார்த்துத் தெரிந்துகொண்டு, பிடித்த இடத்தில் தங்கிவிடுகிறவர்கள் இதனால் உண்மையிலேயே பயன்பெறுகிறார்கள். ஆனால் ஊழியர் நிற்காத ஓர் இல்லத்துக்கு டிராவலர் என்பவர் மிக வசதியான மருந்து. சதவீதத்தைக் குறைக்க வேண்டியதில்லை, ஆள் சேர்க்க வேண்டியதில்லை. வெந்துபோனவர் கிளம்பினால் அடுத்த பதின்மூன்று வாரத்துக்கு இன்னொருவர் வருவார். கூடுதல் கூலி கொடுத்துத் தன் குற்றத்தை மறைத்துக்கொள்கிறது அந்த இடம். அதற்கான பணம் இருந்தால் பழைய ஆளுக்கே குறிப்பு எழுதத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் தமிழர்கள் கணிசம். சென்னையிலும் கோவையிலும் நாலரை ஆண்டு படித்துவிட்டுப் போனவர்கள். இந்தத் தொழிலில் ஆள் பற்றாக்குறை என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையே ஒப்புக்கொண்டு, நர்சுகளோடு பிசியோதெரபிஸ்டுகளையும் தனிப்பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையிடத்தை வேறு வட்டாரத்துக்கு மாற்றினால் திருத்திய மனு போட வேண்டும் என்று 2015-இல் வந்த ஒரு தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஓர் ஊர் என்பது அவர்களுக்கு நடைமுறையில் ஆகாத காரியம். கிரீன் கார்டு வரும்வரை அவர்கள் கையில் பொத்தான் இல்லை.

கார்டு கைக்கு வந்து, முதல் ஒப்பந்தம் மேசையில் இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ போனில் சொன்னால், மலை எப்படி, கடற்கரை எப்படி என்று கேட்காதீர்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரச் சம்பளம் உறுதி என்று எழுத்தில் இருக்கிறதா, எத்தனை நாள் முன்னறிவிப்பில் முறிக்கலாம், புரொடக்டிவிட்டி எத்தனை சதவீதம் என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு நேர்காணலில் அந்த மேலாளரிடம் ஒரு கேள்வி: 'கடந்த இரண்டு ஆண்டில் இந்த நாற்காலியில் எத்தனை டிராவலர் உட்கார்ந்திருக்கிறார்கள், நிரந்தரமாக இருந்தவர் ஏன் போனார்?' அதற்கு நேரான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.